மூன்று வயதில் என்னையும் அளந்தார்கள்

வணக்கம். மொரீஷியஸில் குவாட்ர் போர்ன், வாக்வா ஊர்ப் பக்கம் நடந்த குழந்தைகள் ஆய்வில் இருந்தவர்கள் யாராவது உண்டா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நான் இருந்தேன். 1969-இல் குவாட்ர் போர்னில் பிறந்தவள்.

அந்த இரண்டு ஊர்களிலும் மூன்று வயதுப் பிள்ளைகள் 1,795 பேரைப் பார்த்தார்களாம். எனக்கு நினைவில்லை, எல்லாம் அம்மா சொன்னது. காதில் ஏதோ ஒலி கேட்க வைத்து, விரலில் கம்பி ஒட்டி, வியர்வை மாறுவதை அளந்திருக்கிறார்கள். நான் அம்மா மடியை விட்டு இறங்கவே இல்லையாம். ஊட்டம் குறைந்திருக்கிறதா என்று அறிய, வாயோரம் வெடித்திருக்கிறதா, முடி செம்பட்டையாகிச் சன்னமாகிவிட்டதா, ரத்தம் குறைவா என்றும் பார்த்தார்கள். எனக்கு வாயோரம் வெடித்திருந்தது. அதைச் சொன்னால் அம்மாவுக்கு இன்றும் கண் கலங்கும். "சோறு போடாமலா வச்சிருந்தேன்?" என்பார். சோறும் ரொட்டியும் வயிறு நிறையத்தான் தின்றேன் அம்மா. பாலும் மீனும்தான் அபூர்வம்.

அவர்களில் நூறு பேரை மட்டும் இரண்டு புதிய பாலர் பள்ளிகளில் ஐந்து வயது வரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பால், பழச்சாறு, மதியம் மீனோ கோழியோ ஆட்டுக்கறியோ, தினமும் ஓடியாட்டம். நான் சாதாரணச் சின்னப் பள்ளிக்குப் போனேன்.

23 வயதில் விசாரித்தபோது, குற்றம் செய்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள் சாதாரணப் பள்ளிக்குப் போனவர்களில் 36.1 சதவீதம், அந்தப் புதிய பள்ளிப் பிள்ளைகளில் 23.6. 17 வயதில் பார்த்ததில், மூன்று வயதில் ஊட்டம் குறைந்திருந்தவர்களுக்கே அந்தப் பள்ளியால் பலன் கூடுதலாம். நாற்பது தாண்டித்தான் இதைப் படித்தேன். வாயோரம் வெடித்த பிள்ளைக்குத்தான் அந்தச் சாப்பாடு அதிகம் உதவியிருக்கும் என்று தெரிந்தபோது அன்று இரவு தூக்கமே வரவில்லை. மீனா, விளையாட்டா, டீச்சர்களா, எது வேலை செய்தது என்று தனியாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் என் பேரனுக்கு வாரம் இரண்டு நாள் மீன் தவறாது. காவடி விரத நாட்களில் மட்டும் இல்லை.

—

அக்கா, நாங்கள் வாக்வா. என் அண்ணன் அந்த நூறு பேரில் ஒருவர். வீட்டுக்கு வந்ததும் "மீன் எங்கே?" என்று கேட்பாராம். மீன்காரர் சைக்கிளில் ஊதிக்கொண்டு வரும் நாளில்தான் அம்மா வாங்க முடியும். மற்ற நாளெல்லாம் முருங்கைக்கீரையும் பருப்பும்தான். அண்ணன் அழுதால் அம்மாவும் சேர்ந்து அழுவாராம்.

—

தம்பி, அண்ணனிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மதியம் சாப்பிட்ட பிறகு அங்கே என்ன செய்தார்கள்? தூங்க வைத்தார்களா, வெளியே விட்டார்களா? அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.