நான்கு த்ரெட்கள், ஒரே கூட்டுத்தொகை: எடை குறைவது ஏன்?

பாம்பன்கரை:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் மீன் இறங்குதளத்தின் எடைச்சீட்டுகளைக் கூட்ட ஜாவாவில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். நான்கு எடைமேடைகளின் கோப்புகளை நான்கு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் தனித்தனிச் செயலோட்டங்கள்) ஒரே நேரத்தில் படித்து, ‘மொத்தம்’ என்ற ஒரே மாறியில் கூட்டுகின்றன. ஒரு நாள் கணக்கு சரியாக வருகிறது. ஓராண்டுக் கணக்கைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தொகை, அதுவும் குறைவாகவே வருகிறது. மாறியை வோலட்டைல் ஆக்கியும் பயனில்லை. பிழையைத் தேட இடையில் பிரிண்ட் கட்டளை சேர்த்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடுகிறது. ஒரு கூடை சூடை மீன் விட்டுப்போனாலும் படகுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், வழி கூறுங்கள்.

கீழக்கரை நிரலர்:
‘மொத்தம் += எடை’ என்பது பார்வைக்கு ஒரே வரி; இயங்கும்போது படித்தல், கூட்டுதல், எழுதுதல் என மூன்று செயல்கள். மொத்தம் 480 ஆக இருக்கையில் இரண்டு த்ரெட்கள் அதைப் படிக்கின்றன என்று கொள்ளுங்கள். ஒன்று 35ஐக் கூட்டி 515 என எழுதுகிறது. மற்றது, தான் முன்பே படித்த 480உடன் 20ஐக் கூட்டி அதன்மேல் 500 என எழுதிவிடுகிறது. 535 வரவேண்டிய இடத்தில் 35 கிலோ காணாமற்போகிறது. இதுவே ரேஸ் கண்டிஷன். வோலட்டைல் புதிய மதிப்பை மற்ற த்ரெட்களுக்குத் தெரியச் செய்யுமே தவிர, அம்மூன்று செயல்களையும் ஒன்றாகக் கட்டாது. சிறிய கோப்பில், அடுத்த த்ரெட் தொடங்குமுன்பே முந்தையது முடிந்துவிடுகிறது. பிரிண்ட் கட்டளையோ, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டைத் தனக்குள் வைத்திருப்பதால் த்ரெட்களை வரிசையில் நிறுத்துகிறது. பிழை ஒளிந்துகொள்கிறதே ஒழிய, நீங்கவில்லை.

தொண்டி:
2004இல் ஜாவா 5 உடன் வந்த அட்டாமிக்லாங் (படித்தல், கூட்டுதல், எழுதுதல் மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் முழு எண் மாறி) போதும் என்றாலும், பகிராமல் இருப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு த்ரெட்டும் தன் கோப்பைத் தனி மாறியில் கூட்டட்டும். நான்கும் முடியும்வரை ஜாயின் மூலம் காத்திருந்து, பிறகு நான்கு தொகைகளையும் சேருங்கள். எடையைக் கிராமில், முழு எண்ணாக வையுங்கள். பதின்மப் புள்ளி எண்களில், கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்களும் மாறக்கூடும்.

பாம்பன்கரை:
செய்து பார்த்தேன், ஓராண்டுக் கணக்கு இப்போது ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வருகிறது. மிக்க நன்றி. ஓடும்போதே சராசரி எடையைத் திரையில் காட்ட வேண்டுமானால், மொத்தத்தையும் சீட்டு எண்ணிக்கையையும் இரண்டு அட்டாமிக் மாறிகளாக வைக்கலாமா?

கீழக்கரை நிரலர்:
கூடாது. ஒன்று ஏறி மற்றது ஏறாத நொடியில் திரை படித்தால் சராசரி பிழையாகும். இரண்டையும் ஒரே பூட்டுக்குள் மாற்றுங்கள். படிக்கும் திரையும் அதே பூட்டைப் பெற்றே படிக்க வேண்டும். எழுதுபவர்க்கு மட்டும் பூட்டு வைத்துவிட்டு, படிப்பவரை விட்டுவிடாதீர்கள்.