சாவு எண்ணிக்கையைச் சாலைப் பலகையில் காட்டலாமா?

வைகைக்கரை:
டெக்சாஸ் நெடுஞ்சாலைகளில் தலைக்கு மேலே எலெக்ட்ரானிக் பலகைகள் உண்டு. 2012 ஆகஸ்டிலிருந்து மாதம் ஒரு வாரம், அந்த ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையை அவற்றில் காட்டினார்கள். என்னைக் கேட்டால் தினமும் காட்ட வேண்டும். ஹூஸ்டனில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது என் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்துவிட்டது.

செல்வி:
உங்கள் கால் எழுந்தது சரி, பின்னால் வந்தவர் அதே நேரத்தில் பலகையைப் படித்துக்கொண்டிருந்தால்? 70 மைல் வேகத்தில் வண்டி நொடிக்கு 31 மீட்டர் ஓடுகிறது. ஜொனாதன் ஹால், ஜோஷுவா மேட்சன் இருவரும் இதை ஆராய்ந்து 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். எண்ணிக்கை காட்டிய வாரங்களில், பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டருக்குள் விபத்துகள் 4.5 விழுக்காடு கூடியிருந்தன. எண் பெரிதாக ஆக விபத்தும் கூடியது.

வைகைக்கரை:
அந்த வாரங்களில் மழையோ விடுமுறையோ இருந்திருக்கலாமே!

செல்வி:
வானிலை பார்த்துத் தேர்ந்த வாரம் இல்லை அண்ணா. போக்குவரத்துத் துறையின் மாதாந்திரக் கூட்டத்துக்கு முந்தைய வாரம், அவ்வளவுதான். அதனால்தான் ஒப்பிட முடிந்தது. சாவை நினைத்துப் பதறும் மனம் பக்கத்து லேனைக் கவனிக்காது.

மலைமேகம்:
அதற்காகப் பலகையே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1990 டிசம்பர் 11, டென்னசியில் கால்ஹூன் அருகே ஐ-75 சாலையில் திடீர் மூடுபனி. 99 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 12 பேர் இறந்தார்கள். அப்புறம்தான் அங்கே பனியை அளக்கும் கருவிகளும் மாறும் வேகப் பலகைகளும் வந்தன. பார்வைத் தூரம் குறையக் குறைய வேக வரம்பு 50 மைல், பிறகு 35 மைல் என்று இறங்கும். எதிரே ஒன்றுமே தெரியாத நிலை வந்தால் சாலையை மூடி, வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். பனிக்குள் நுழையும் முன்பே, என்ன செய்ய வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தெரிந்துவிடுகிறது.

செல்வி:
அந்தப் பலகைக்கு நானும் முழு ஆதரவு. அது ஓட்டுநருக்கு ஒரு வேலை சொல்கிறது. டெக்சாஸ் பலகை பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புகிறது.

வைகைக்கரை:
மூடுபனி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்பது ஜனங்களுக்குத் தெரியாமலே போவதா? அதை என்னால் ஏற்க முடியவில்லை.

செல்வி:
தெரியட்டும் அண்ணா. பெட்ரோல் பங்கில், ஓய்விடத்தில், வண்டி நிற்கிற இடத்தில் எழுதி வையுங்கள்.