மறு: ஹாண்டிகேப் பந்தயத்துக்குத் தமிழில் என்ன?

> ‘சமச்சுமைப் பந்தயம்’ என்று வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, இது மட்டும் வேண்டாம். ஹாண்டிகேப்பில் சுமை சமமாக இருக்காது. நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் பாரம், சுமாரான குதிரைக்குக் குறைவு. சமமாக்கப் பார்ப்பது ஜெயிக்கும் வாய்ப்பைத்தான்.

சீபிஸ்கட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையைப் பாருங்கள். 1935இல், இரண்டு வயதிலேயே அதை 35 பந்தயங்களில் ஓடவிட்டார்கள். இன்று பல குதிரைகள் வாழ்நாள் முழுக்க அத்தனை ஓடுவதில்லை. அடுத்த ஆண்டு 8,000 டாலருக்குக் கைமாறியது. அப்புறம் ஜெயிக்க ஜெயிக்க முதுகில் பாரம் ஏறியது. 1938இல் கலிபோர்னியாவின் சான்டா அனிடா மைதானத்தில் நடந்த ஹாண்டிகேப்பில் அதற்கு 130 பவுண்டு, அதாவது 59 கிலோ. ஸ்டேஜ்ஹேண்ட் என்ற மூன்று வயதுக் குதிரைக்கு வெறும் 100. இரண்டு கிலோமீட்டர் ஓடி, மூக்கு நுனி வித்தியாசத்தில் அதனிடம் சீபிஸ்கட் தோற்றது. இதைச் ‘சமச்சுமை’ என்றால் அந்தக் குதிரையே சிரிக்கும்!

அதே ஆண்டு நவம்பரில் பிம்லிகோ மைதானத்தில் வார் அட்மிரல் என்ற குதிரையோடு ஒற்றைக்கு ஒற்றை ஓடியபோது இரண்டுக்கும் 120 பவுண்டு. உங்கள் சொல் அந்த மாதிரிப் பந்தயத்துக்குச் சரி. (அதில் சீபிஸ்கட் நான்கு குதிரை நீளம் முந்தி ஜெயித்தது.)

அகராதியைப் பார்த்து ‘ஊனப் பந்தயம்’ என்று எழுதிய நண்பருக்கு: ஆங்கிலத்தில் ‘ஹாண்டிகேப்’ என்ற சொல் தொப்பிக்குள் கைவிட்டு ஆடிய பழைய பண்டமாற்று விளையாட்டிலிருந்து வந்தது. ஊனம் என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ‘நிகர்சுமை’யும் சரிப்படாது, பொட்டலத்தில் போடும் ‘நிகர எடை’தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘ஈடுசெய்சுமை’. அலுவலகங்களில் ‘ஈடுசெய் விடுப்பு’ ஏற்கெனவே புழங்குகிறது. ‘ஈட்டுச்சுமை’ என்று சுருக்கலாம்தான், ஆனால் சம்பாதிக்கிற ‘ஈட்டு’ உள்ளே நுழைந்துவிடும்.

---

> பொருள் சரி. ஆனால் ‘ஈடுசெய்சுமைப் பந்தயம்’ வாயில் நுழையவில்லையே! அப்புறம் ஒரு சந்தேகம்: 130 பவுண்டில் ஜாக்கியின் எடையும் சேர்த்தியா?

சேர்த்திதான். ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து அந்த எடை வர வேண்டும். குறைந்தால் சேணத்தில் ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள். அந்த ஈயத்துக்கு ‘நிரப்பெடை’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

நீளம் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். பந்தயத்தை மட்டும் ‘ஈடுசெய் பந்தயம்’ என்று குறைத்துவிடலாம். “முன்கால் தசைநார் கிழிந்து சுமார் ஓராண்டு ஓடாமல் கிடந்த சீபிஸ்கட், 1940இல் திரும்பி வந்து சான்டா அனிடா ஈடுசெய் பந்தயத்தை 130 பவுண்டு ஈடுசெய்சுமையோடு வென்றது.” வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எனக்கு இடறவில்லை. சுமையை விதிக்கும் அதிகாரியை என்னவென்று அழைப்பது? ‘சுமைவிதிப்பர்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை.