சுயமதிப்பீட்டு அறிக்கையில் குறையை எழுதலாமா?

கேள்வி: எங்கள் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு (பொது மருத்துவ மேற்படிப்புப் பயிற்சி) ஏசிஜிஎம்இ அங்கீகாரம் இருக்கிறது; இத்தகைய பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பு அது. இந்த ஆண்டின் சுயமதிப்பீட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வேலை நேரத்தில் பிரச்சினை இல்லை; 4 வாரச் சராசரியில் யாரும் வாரம் 80 மணி நேரத்தைத் தாண்டவில்லை. உறுத்துவது வேறு. ரெசிடென்டுகளை, அதாவது பயிற்சி மருத்துவர்களைப் பற்றி ஆசிரியர்கள் நிரப்பும் படிவங்களைத் திறந்து பார்த்தேன். ஒருவர் 9 படிவங்களை ஒரே இரவில், 11.40க்குத் தொடங்கி 11.52க்குள் முடித்திருக்கிறார். எல்லாக் கட்டத்திலும் மதிப்பெண் 4. கருத்து எழுதும் இடத்தில் ‘நன்று’. அந்த 9 பேரில் ஒரு பெண், ட்யூட்டி மாற்றும்போது நோயாளிகளை ஒப்படைக்கத் தெரியவில்லை என்று அந்த மாதம் என்னிடம் அழுதவர். அவருக்கும் 4தான். இதை எழுதினால் அங்கீகாரத்துக்குச் சிக்கல் வரும் என்று மூத்தவர்கள் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

வார்டு ஆசிரியர்: எழுதுங்கள், டாக்டர். ஆண்டுதோறும் ரெசிடென்டுகளிடம் ஏசிஜிஎம்இ நேரடியாகவே சர்வே எடுக்கிறது. நேரில் ஆய்வுக்கு வருகிறவர்களும் அவர்களோடு பேசுவார்கள். அறிக்கை ஒன்று சொல்லி, பிள்ளைகள் வேறொன்று சொன்னால் அதுதான் பெரிய சிக்கல்.

முன்னாள் சீஃப் ரெசிடென்ட்: பயிற்சித் திட்டத்தை மதிப்பிடும் குழுவில் குறைந்தது 2 ஆசிரியர்களும் 1 ரெசிடென்டும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவராக நான் உட்கார்ந்திருக்கிறேன். அறிக்கையையும் செயல்திட்டத்தையும் எல்லா ரெசிடென்டுகளோடும் பேசியாக வேண்டும், அதனால் மறைக்க இடமே இல்லை. எனக்கு ஒரு படிவம் ரொட்டேஷன் (ஒரு வார்டில் குறிப்பிட்ட காலம் பயிலும் சுற்று) முடிந்து 6 வாரம் கழித்து வந்தது. ‘மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பதில் கவனம் தேவை’ என்று இருந்தது. எந்த நோயாளி, எந்த மருந்து? எழுதியவருக்கே ஞாபகம் இல்லை. அந்த வார்டில் இருந்தபோதே சொல்லியிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பேன். அப்புறம் நாங்கள் ஒன்று செய்தோம்: ரொட்டேஷனின் பாதியில், ரெசிடென்ட் ஒரு நோயாளியை அட்மிட் செய்வதை ஆசிரியர் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அங்கேயே 10 நிமிடம் பேச வேண்டும். படிவத்தில் அந்த நோயாளியைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். ‘ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படும்’ என்று பொதுவாக எழுதி விடாதீர்கள். யார், எந்த மாதத்துக்குள், எதைப் பார்த்து முடிந்தது என்று சொல்வது, எல்லாமே அதில் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. படிவங்களைப் பெயர் மறைத்து அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். அந்தப் பெண்ணோடு நாளை மாலை ட்யூட்டி மாறும் நேரத்தில் நானே நிற்கப்போகிறேன்.