பாய்லர் முள் இறங்கிக்கொண்டே இருந்தது: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

வீட்டு கேஸ் பாய்லரைப் பற்றி நான் கவலைப்பட்டதெல்லாம் இரண்டே விஷயத்துக்குத்தான்: வெந்நீர் வருகிறதா, ரேடியேட்டர் (உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புப் பலகை) சுடுகிறதா. போன குளிர்காலத்தில் நடந்ததை எழுதுகிறேன். என் அசட்டுத்தனம் கொஞ்சம் அதிகமாகவே வெளிப்படும், பரவாயில்லை.

ஒரு நாள் காலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். பாய்லர் நின்றுபோயிருந்தது, பிரஷர் முள் 0.5-க்கும் கீழே கிடந்தது. கையேட்டைப் புரட்டினேன். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அடியில் இருக்கும் ஃபில்லிங் லூப்பை, அதாவது பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும் குழாயை, திருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், முள் ஏறியது, மூடிவிட்டு ரீசெட் பட்டனை அழுத்தினேன், எரிந்துவிட்டது. பெரிய மெக்கானிக் ஆகிவிட்ட மாதிரி மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடி. அப்புறம் நாலு நாளைக்கு ஒரு தடவை. செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி பாய்லருக்குத் தண்ணீர் விடுவதும் என் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு ரேடியேட்டரின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நனையவில்லை. அப்படியானால் இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

வீட்டுக்கு வெளியே போயிருக்கிறது. பாய்லர் மாட்டியிருக்கும் சுவரின் மறுபக்கத்தில் ஒரு செம்புக் குழாய் கீழ்நோக்கி வளைந்து நிற்கும். அதற்கு நேர் கீழே செங்கல் பச்சைப்பசேலென்று பாசி பிடித்திருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். மழைத்தண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் வயதானவர். "எவ்வளவு நாளா இப்படித் தண்ணி ஏத்திட்டு இருக்கீங்க?" என்றார். ரெண்டு மாசம் இருக்கும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஹீட்டிங்கை முழுதாகப் போட்டுவிட்டு, என்னையும் பக்கத்தில் நிற்கவைத்து, "முள்ளைப் பாருங்க" என்றார். 1.3-இல் இருந்தது விறுவிறுவென்று 2-ஐத் தாண்டி 3-ஐத் தொட்டது. வெளியே குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். தண்ணீர் சூடானால் விரியும். 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது 100 லிட்டருக்கு இரண்டு லிட்டருக்கு மேல் கூடும். அந்தக் கூடுதலை வாங்கிக்கொள்ளத்தான் எக்ஸ்பான்ஷன் வெசல் என்று ஒரு இரும்புக் கலம் இருக்கிறது. நடுவில் ரப்பர் தடுப்பு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். என் வெசலில் காற்று இறங்கிப்போயிருந்தது. விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பிரஷர் 3 பார் வந்ததும் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டிவிடும். ஆறியதும் உள்ளே தண்ணீர் குறைந்து முள் படுத்துவிடும். நான் மறுபடி ஏற்றுவேன், அது மறுபடி கொட்டும்.

வெசலில் சைக்கிள் டியூபில் இருப்பது போலவே ஒரு வால்வு. அதன் ஊசியை அழுத்திக் காட்டினார். காற்றுச் சத்தமே இல்லை. "இதுல தண்ணி வந்திருந்தா ரப்பர் கிழிஞ்சு போச்சுன்னு அர்த்தம், வெசலையே மாத்தணும். தப்பிச்சீங்க" என்றார். சிஸ்டத்தின் பிரஷரை முழுதாக இறக்கிவிட்டு, கால் பம்பால் காற்றடித்தார். அடிக்கடி திறந்து மூடியதில் பாதுகாப்பு வால்வும் சரியாக உட்காரவில்லை, அதையும் மாற்றினார்.

பிறகுதான் திட்டு. புதுத் தண்ணீர் ஏற்றும் ஒவ்வொரு தடவையும் அதோடு ஆக்ஸிஜனும் உள்ளே போகிறது, அது ரேடியேட்டர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவைத் தடுக்கப் போட்டிருந்த மருந்தும் அந்தச் செம்புக் குழாய் வழியாகவே வெளியே போயிருக்கிறது. ஃபில்டரைத் திறந்து உள்ளே இருந்த காந்தத்தை உருவினார். கண்மை மாதிரி கருகரு என்று குழம்பு அப்பியிருந்தது. அவ்வளவும் என் வீட்டு ரேடியேட்டர்களின் துரு. இரண்டு வருடமாக நான் சர்வீஸைத் தள்ளிப்போட்டிருந்தேன். "நல்லாத்தானே ஓடுது" என்று.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

*

உங்களுக்குத் தண்ணீர்தான் போனது. எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எங்களுடையது பழைய மாடல், எரிவதற்கு அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்துக்கொள்ளும். அம்மாவுக்கு ஒரு வாரமாகத் தலைவலி, குமட்டல். சளிக்காய்ச்சல் என்று நினைத்தோம். எனக்கும் காலையில் தலை கனக்கும், ஆபீஸ் போனதும் சரியாகிவிடும். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ஒரு ராத்திரி கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. பாய்லரை அணைத்தோம், ஜன்னல்களைத் திறந்துவிட்டோம், எல்லோரும் வெளியே வந்து நின்று அவசர எண்ணுக்குப் போன் செய்தோம்.

வந்தவர் முதலில் பாய்லரைத் தொடவே இல்லை, சுவரைப் பார்த்தார். அடியில் இருந்த காற்றுத் துவாரத்தில் பழைய துண்டு ஒன்று கச்சிதமாகத் திணிக்கப்பட்டிருந்தது. "குளிர்காத்து வருதுன்னுதானேம்மா அடைச்சேன்" என்று அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

காற்று போதாவிட்டால் கேஸ் முழுதாக எரியாது. நீலமாக இருக்க வேண்டிய சுவாலை மஞ்சளாகிவிடும். எங்கள் பாய்லரின் முகப்பில் கரி படிந்திருந்ததை நான்தான் துணியால் துடைத்திருக்கிறேன், தூசி என்று நினைத்து! கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கேஸ் கசிந்தாலாவது அதில் கலந்திருக்கிற நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும், இதற்கு அலாரம் மட்டும்தான். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, காலாவதி தேதியை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

*

இந்த அளவுக்குக் கனமான கதை என்னிடம் இல்லை, சிரிக்கிற கதைதான். ரேடியேட்டர் கீழே சுடுகிறது, மேலே சில்லென்று இருக்கிறது என்றால் காற்று அடைத்திருக்கிறது என்று படித்துவிட்டு, ரேடியேட்டரின் காற்றுத் திருகாணியைத் திறக்கும் சாவியும் கையுமாக இறங்கினேன். ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட வேண்டும் என்ற வரியைப் படிக்கவில்லை. கால் சுற்று போதும் என்ற வரியையும் படிக்கவில்லை. திருகாணி கையோடு வந்துவிட்டது. புதிதாக வெள்ளையடித்த சுவரில் சுடச்சுடக் கறுப்புத் தண்ணீர். கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, "துணி, துணி" என்று கத்தியதுதான் நினைவிருக்கிறது.

இன்னொன்று, காற்றை எடுத்து முடித்ததும் பாய்லர் பிரஷர் குறைந்திருக்கும். அதற்காகத் தண்ணீர் ஏற்றுவது சகஜம்தான், மேலே எழுதியவரைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம்.

*

உறைபனி நாளில் பாய்லருக்குள் கடகடவென்று சத்தம் வந்து நின்றுபோனால், வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். கண்டென்சிங் பாய்லர் எரியும்போது புகையில் இருக்கும் ஆவி தண்ணீராகி அந்த வழியாகச் சொட்டும், அது உறைந்துவிட்டால் பாய்லர் எரியாது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் போதும், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குழாய் வெடித்துவிடும். எங்களுக்கு மூன்று குளிர்காலம் இதே கதை. தடிமனான குழாய் மாற்றி, மேலே உறை சுற்றிய பிறகு நின்றது.

*

முதலில் எழுதியவன்தான். காற்றுத் துவாரத்தில் துண்டைத் திணித்த கதையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியே எங்கள் அலாரத்தைக் கழற்றிப் பார்த்தேன். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புதிது வந்துவிட்டது.

சர்வீஸுக்கு வருபவர் வெசலின் காற்றையும் பார்ப்பாரா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எல்லோரும் பார்ப்பதில்லை. சிலர் புகைக்குழாயில் மீட்டரை வைத்து அளந்து, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வாயைத் திறந்து கேளுங்கள்: வெசல் காற்று, காந்த ஃபில்டர், கழிவுநீர்ப் பொறி (புகையிலிருந்து சொட்டும் தண்ணீர் தேங்கும் கிண்ணம்), இந்த மூன்றையும். பாய்லரின் மூடியைத் திறக்கிற வேலை மட்டும் நம்முடையது இல்லை, அது உரிமம் உள்ளவர் செய்ய வேண்டியது. கோடையிலும் மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் ஹீட்டிங்கைப் போட்டு நிறுத்துகிறேன். சும்மாவே கிடந்தால் பம்ப் இறுகிவிடுமாம்.

முள் பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டு எழுதிவைக்கிறேன். நவம்பரில் 1.4. இன்றைக்கும் 1.4. செங்கல்லில் பாசி காய்ந்து உதிர ஆரம்பித்திருக்கிறது.