செலினியம், ஜிங்க் மாத்திரை போட்டால் கதிர்வீச்சு விந்தணுவைப் பாதிக்காதா?

சிங்காநல்லூர்க்காரன்:
வணக்கமுங்க. கோயமுத்தூரில் பம்ப் காஸ்டிங்குகளுக்கு ரேடியோகிராபி (உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கதிர் விட்டுப் படம்) எடுக்கும் வேலை, கதிர் வரும் சோர்ஸ் இரிடியம்-192. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆச்சு, இன்னும் குழந்தை தங்கவில்லை. கூட வேலை செய்யும் அண்ணன் ஒருத்தர் செலினியமும் ஜிங்க்கும் கலந்த மாத்திரை தினம் போட்டால் கதிர் ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டு, கதிர் அளவைக் காட்டும் சர்வே மீட்டரைக்கூடப் பார்க்காமல் உள்ளே போகிறார். நானும் வாங்கிப் போடலாமுங்களா?

பெருந்துறை லேப்:
எலிகளுக்குக் கதிர் கொடுக்கும் முன்பே செலினியம் கொடுத்துப் பார்த்ததில் விந்தகச் சேதம் குறைந்தது உண்மைதான். கதிர் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைத்து ஃப்ரீ ராடிகல்களை (செல்லைக் கெடுக்கும் துகள்களை) உண்டாக்கும், அவற்றின் சேதத்தைக் குறைக்கும் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் நொதிக்குச் செலினியம் வேண்டும். ஆனால் கதிர் நேராகவே டி.என்.ஏ.வை அறுத்துவிட்டால் மாத்திரை என்ன பண்ணும்? எலி சங்கதியை வைத்துக்கொண்டு மனுசனுக்கு மாத்திரை விற்கிறார்கள். கதிர் இல்லாமலே கூட, 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,370 தம்பதிகளில் ஒரு பாதி ஆண்களுக்கு 6 மாதம் தினம் 30 மி.கி. ஜிங்க்கும் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள், விந்தணுவும் தேறவில்லை, குழந்தைப் பேறும் கூடவில்லை, வயிற்றுக் கோளாறுதான் கூடியது. செலினியமும் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும்.

பழைய ஆர்.எஸ்.ஓ. (கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி):
தம்பி, முதலில் உங்கள் டி.எல்.டி. பேட்ஜ் (உடம்பில் விழுந்த கதிரை அளக்கச் சட்டையில் மாட்டுவது) ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க. நம் நாட்டில் தொழிலாளிக்கு வரம்பு 5 வருஷச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர் டோஸின் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையவே ஒரே தடவையில் 100 மில்லிகிரேக்கு (காமா கதிருக்கு மில்லிசீவர்ட்டும் மில்லிகிரேயும் ஏறக்குறைய ஒன்றுதான்) மேல் விழ வேண்டும், நிரந்தர மலட்டுத்தன்மைக்குப் பல ஆயிரம். ஒழுங்காக வேலை செய்தால் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். பயப்பட வேண்டியது உங்கள் அண்ணனைப் பற்றித்தான். சோர்ஸ் கேமராவுக்குள் (அதை வைக்கும் காப்புப் பெட்டிக்குள்) திரும்பாமல் நின்றிருந்தால் மீட்டர் மட்டும்தான் சொல்லும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் டோஸ் கால்வாசி, அதைவிட நல்ல மாத்திரை கிடையாது.

கரூர் அக்கா:
கேன்சருக்குக் கதிர் சிகிச்சை எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடாதீங்க, இவை கட்டியையும் சேர்த்துக் கதிரிலிருந்து காப்பாற்றிவிடுமோ என்ற பயம் உண்டு. சிகிச்சைக்கு முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைக்கலாம். தம்பி, ஒரு வருஷம் தாண்டிவிட்டது என்றால் செமன் டெஸ்ட் எடுங்க, உங்க வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

சிங்காநல்லூர்க்காரன்:
சரிங்க. பேட்ஜ் ரிப்போர்ட்டை எங்கள் ஆர்.எஸ்.ஓ.விடம் கேட்கிறேன், மீட்டர் விஷயத்தையும் அவர் காதில் போட்டுவிடுகிறேன்.