ஒரு நாள் மலையேற்றத்துக்கும் வெள்ளத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பவும் ஒரே பை: 30 லிட்டரா, 40 லிட்டரா?

வேளச்சேரி_மழை (கேள்வி)

வணக்கம். முதுகுப்பை வாங்குவதில் குழப்பமாக இருக்கிறது, கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அலுவலக நண்பர்களோடு அடிக்கடி மலைக்குப் போகிறேன். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுகிற இடங்கள்தான்: பர்வதமலை, ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம். அடுத்து வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' பாதை ஒன்றுக்குப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறோம். இப்போது தூக்குவது அண்ணனின் 45 லிட்டர் பை. இடுப்புப் பட்டை இருந்தும் கொஞ்ச தூரம் ஏறியதுமே தோள் இரண்டும் இறுகி வலிக்கிறது. பட்டையை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் இடுப்பில் நிற்காமல் வழுக்கிக் கீழே இறங்கிவிடுகிறது.

இன்னொரு தேவையும் உண்டு. வீடு தரைத்தளத்தில். 2015 டிசம்பரில் தண்ணீர் உள்ளே வந்தது, 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. அதனால் அவசரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பவும் இதே பை உதவ வேண்டும்.

உள்ளே வைப்பவை: 3 லிட்டர் தண்ணீர், சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், மாற்றுச் சட்டை, தார்பாய், நைலான் கயிறு, மடக்குக் கத்தி, சின்ன கேஸ் அடுப்பு. எல்லாம் சேர்ந்து 8 கிலோ. நான் பெண், எடை 56 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம். 4,000 ரூபாய்க்குள் பார்க்கிறேன். மனதில் இருப்பவை இரண்டு: வெளியெல்லாம் வரிவரியாக நாடா தைத்த ராணுவ பாணி 40 லிட்டர் பை, முதுகுப் பக்கம் நெட் வைத்த 30 லிட்டர் ட்ரெக்கிங் பை. எதை வாங்கலாம்?

பரங்கிமலை_படி

லிட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் உங்கள் முதுகு நீளம் தெரிய வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தும். அது மேல் புள்ளி. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் திருப்புங்கள். இரண்டு விரல்களையும் சேர்க்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப் புள்ளி. நடுவில் எத்தனை அங்குலம் என்று தையல் டேப்பால் வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். தானே அளந்தால் சரியாக வராது.

அண்ணன் பையிலும் ஓர் அளவு வேண்டும்: தோள்பட்டை பையோடு சேரும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டையின் நடு வரை.

வேளச்சேரி_மழை

அம்மா அளந்தார். எனக்கு 16 அங்குலம். பையில் 19½ அங்குலம் வருகிறது.

பரங்கிமலை_படி

சரி, வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பை உங்கள் முதுகைவிட மூன்றரை அங்குலம் நீளம். தோளில் மாட்டியதும் இடுப்புப் பட்டை எலும்பைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. எலும்பில் உட்கார்ந்தால்தான் அது பாரத்தை வாங்கும். சதையில் நின்றால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும், மொத்த எடையும் தோளுக்கே போகும். புதிதாக 40 லிட்டர் வாங்கினாலும் முதுகு அளவு இதுவே என்றால் இதே வலி தொடரும்.

பெரிய பைகளில் நிறைய மாடல்கள் ஒரே அளவில், உயரமான ஆண்களை மனதில் வைத்துத்தான் வருகின்றன. 16 அங்குலம் என்பது பொதுவாக 'ஸ்மால்'. பெண்களுக்கென்று தைத்தது, அல்லது முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதி உள்ளது, இரண்டில் ஒன்றைப் பாருங்கள். பெண்களுக்கான பைகளில் தோள்பட்டைகள் கொஞ்சம் குறுகலாகவும் வளைவாகவும் வரும், அக்குளில் உராயாது.

ஜவ்வாது_காற்று

சகோதரி, அந்த ராணுவ பாணிப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வரிவரி நாடாவுக்கு 'மோலி' என்று பெயர். அதில் கூடுதல் பைகளைக் கோத்து மாட்டலாம், வசதிதான். ஆனால் அந்தப் பைகளில் பல 600 முதல் 1000 டெனியர் வரையுள்ள துணியில் வருகின்றன. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடினால் துணி தடிக்கும், எடையும் கூடும். காலிப் பையே ஒன்றரை கிலோவைத் தொட்டுவிடலாம். விலை குறைந்தவற்றில் இடுப்புப் பட்டை என்ற பெயரில் பஞ்சே இல்லாத ஒரு நாடாதான் இருக்கும், உங்கள் பிரச்சினையே அதுதானே. ஒரு நாள் நடைக்கு 210 முதல் 420 டெனியர் நைலான் போதும். பாறையில் உராயும் அடிப்பகுதி மட்டும் தடிமனாக இருந்தால் சரி.

வெளியே மாட்டும் எதுவும் முள்ளில் சிக்கும். மலைக்கோயில்களில் குரங்கு முதலில் கை வைப்பதும் அங்கேதான். சாப்பாடு எப்போதும் ஜிப்புக்கு உள்ளே இருக்கட்டும்.

அப்புறம் அடுப்பு. தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நம் சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. ஒரு நாள் நடைக்குப் புளிசாதமும் சப்பாத்தியும் தாராளம். கத்தி சின்ன மடக்குக் கத்தியாக இருக்கட்டும், 9 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள கத்தியெல்லாம் ஆயுதச் சட்ட விவகாரம். வழிகாட்டியோடு போகிற பாதைகளில் கயிற்றுக்கும் வேலை இல்லை.

பரங்கிமலை_படி

உண்மை. அடுப்பும் கயிறும் போனாலே ஒரு கிலோவுக்கு மேல் குறையும். ஒரு நாள் பைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சுகமானது, பழகியவர்கள் கொஞ்சம் கூடத் தூக்கலாம். உங்களுக்கு ஆறு, ஆறரை கிலோவில் நிறுத்தப் பாருங்கள். தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு 3 லிட்டர் அதிகமே இல்லை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இரண்டு வையுங்கள்.

கொள்ளளவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எல்லாப் பொருளையும் ஓர் அட்டைப்பெட்டியில் நெருக்கமாக அடுக்கி, நிரம்பிய இடத்தின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர். 40 × 28 × 24 வந்தால் ஏறக்குறைய 27 லிட்டர். அதற்கு மேல் நாலைந்து லிட்டர் விட்டால் போதும். கம்பெனிகள் வெளிப் பைகளையும் சேர்த்து லிட்டர் சொல்வதுண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி_மழை

அடுப்பு, கயிறு இல்லாமல் அடுக்கிப் பார்த்தேன், 25 லிட்டர் வருகிறது. அப்படியென்றால் 30 லிட்டர் போதும். ஆனால் வெள்ள நேரத்துக்கு அது பற்றுமா? நெட் முதுகு நல்லதா என்றும் சொல்லுங்கள்.

ஜவ்வாது_காற்று

என் ஓட்டு நெட்டுக்குத்தான். முதுகுக்கும் பைக்கும் நடுவில் காற்று ஓடும். சென்னைப் புழுக்கத்தில் பழகிய நமக்கு அதன் அருமை பாதி ஏற்றத்திலேயே தெரியும்.

பரங்கிமலை_படி

நான் இதில் மாறுபடுகிறேன். நெட் வைத்த பையில் பாரம் முதுகைவிட்டு இரண்டு விரற்கடை பின்னால் தள்ளி நிற்கும். சாதாரணப் பாதையில் தெரியாது. பர்வதமலையில் பாறையில் இரும்புக் கம்பி அறைந்த கடப்பாறைப் படியும் ஏணியும் வரும் இடத்தில் பை பின்னால் இழுப்பது நல்லதல்ல. மேலும் நெட்டை விறைப்பாகப் பிடிக்கும் வளைந்த சட்டம் உள்ளே இடத்தைத் தின்னும், தண்ணீர் பாட்டில் நேராக நிற்காது. காற்றுக்கு வாய்க்கால் விட்ட பஞ்சு முதுகு உள்ள பை உடம்போடு ஒட்டி நிற்கும். வியர்க்கும், ஆனால் ஆடாது. அவர் போகும் மலைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஜவ்வாது_காற்று

ஏணி வரும் மலை என்றால் நீங்கள் சொல்வது சரி. ஜவ்வாதுக்கும் ஏலகிரிக்கும் மட்டும் போகிறவர் என்றால் நெட்டே வாங்கலாம்.

பள்ளிக்கரணை_தரைத்தளம்

வெள்ளத்துக்கு 30 லிட்டர் பற்றும், பொருட்களை வைக்கும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மலைப் பொருட்களோடு கலக்காமல், வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை ஒன்று தனியாக வாங்குங்கள், 10 லிட்டர் அளவில். பளிச்சென்ற நிறமாக இருக்கட்டும், இருட்டில் கண்ணில் படும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திர நகல், காப்பீட்டுத் தாள்கள், வீட்டில் பெரியவர்களின் மாத்திரை, அதன் மருந்துச் சீட்டு, கொஞ்சம் ரொக்கம், போன் சார்ஜர் எல்லாம் அதற்குள். மின்சாரமும் சிக்னலும் போனால் போனில் பணம் செலுத்த முடியாது, ரொக்கம்தான் கை கொடுக்கும். முக்கியமான எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பை முதுகுப்பைக்குள்ளேயே இருக்கட்டும். மலைக்குப் போகும் நாளில் மட்டும் வெளியே எடுத்து உயரமான அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள்.

பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்ப வேண்டாம். அது முதுகுப் பக்கத்தை மூடாது. அந்த வழியாக இறங்கும் தண்ணீர் உறையின் அடியிலேயே தேங்கி நிற்கும். உள்ளே ஒரு நீர்புகா உறை போட்டு அதற்குள் பொருட்களை வைப்பதுதான் பாதுகாப்பு. மலைக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஓடும் தண்ணீரைக் கடக்கும்போது இடுப்புப் பக்கிளையும் நெஞ்சுப் பக்கிளையும் கழற்றிவிட வேண்டும். கால் வழுக்கினால் பையை உடனே உதறிவிட முடியும். கட்டியே இருந்தால் பை ஆளைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். ஓடை கடக்கும் மலைப் பாதையிலும் இப்படித்தான்.

குரோம்பேட்டை_ஊசிநூல்

பை தைத்துப் பழுது பார்ப்பது எங்கள் குடும்பத் தொழில். வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

தோள்பட்டை பையோடு சேரும் இடத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே பெட்டி போட்டு நடுவில் பெருக்கல் குறியாகத் தைத்திருக்க வேண்டும், அல்லது குறுக்கே நெருக்கமான தையல் பல வரி ஓட வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் பாரம் ஏறினால் பிரியும். ஜிப் கெடுவதில் பாதி, பல் கெட்டதால் அல்ல, ரன்னர் தளர்ந்ததால். ரன்னர் மட்டும் மாற்றினால் போதும், பெரிய செலவில்லை. பல் போனால்தான் கஷ்டம், ஆகவே பல் பெரிதாக உள்ள ஜிப்பாகப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் உலோக ரன்னர் பூத்துப் போகும், அவ்வப்போது மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் இலகுவாக ஓடும்.

உள்பக்கத் துணியில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். நம் வீட்டுப் பரண் வெயில் காலத்தில் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும், அங்கே போடாதீர்கள். காற்று படுகிற இடத்தில் கொக்கியில் தொங்கவிடுங்கள். தள்ளுபடியில் வரும் பழைய சரக்கை வாங்கினால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம். துவைக்கும் இயந்திரத்திலும் போட வேண்டாம். மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காய வைத்தால் பல வருடம் உழைக்கும்.

பரங்கிமலை_படி

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே மூன்று பாட்டில் தண்ணீரும் ஒரு துண்டும் கொண்டுபோங்கள். காலிப் பை எல்லோர் முதுகிலும் நன்றாகத்தான் நிற்கும். பாட்டில்களைத் துண்டில் சுற்றி முதுகை ஒட்டி, தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவில் வரும்படி வையுங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் உட்கார வைத்துப் பூட்டுங்கள். அடுத்து தோள்பட்டை, அதன் பிறகு தோளுக்கு மேலே பையோடு சேரும் சின்ன வார், கடைசியில் நெஞ்சுப் பட்டை. அப்போது தோள்பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும், தோளுக்கும் பட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள்.

வேளச்சேரி_மழை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். முதலில் எடுத்த 40 லிட்டர் பையில் இடுப்புப் பட்டை அப்படியே தொடை வரை இறங்கியது, கீழே வைத்துவிட்டேன். முதுகு நீளம் மாற்றக்கூடிய 32 லிட்டர் பை ஒன்றைப் பாட்டில்களோடு மாட்டிப் பார்த்ததும் வித்தியாசம் உடனே தெரிந்தது. தோளில் பாரமே இல்லை, இடுப்பு வாங்கிக்கொண்டது. பஞ்சு முதுகுதான். தையலையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், பெட்டித் தையல் இருக்கிறது. நீர்புகாப் பை ஆரஞ்சு நிறத்தில் கிடைத்தது. மொத்தம் 4,000க்குக் கொஞ்சம் கூட ஆனது, பரவாயில்லை.

பரங்கிமலைப் படிகளில் முழுப் பாரத்தோடு ஒரு நாள் ஏறிப் பார்த்துவிட்டு, அப்புறம் மலைக்குக் கொண்டுபோகிறேன். இடுப்புப் பட்டையை இறுக்கியதும் வயிற்றில் லேசாக அழுத்துகிறது, இது இயல்புதானா?

பரங்கிமலை_படி

பக்கிள் தொப்புளுக்குக் கீழே வருகிறதா பாருங்கள். வயிற்றின் மேல் அழுத்தினால் பட்டை ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கிறது. முதுகு நீளத்தை ஒரு படி கூட்டி வையுங்கள், சரியாகிவிடும்.